மதீனாவுக்கு எஞ்சின் வந்த வழி

ஹிஜாஸ் இருப்புப் பாதையின் பெயரைக் கேள்வியுறாதவர் நம் சமுதாயத்தில் மிகச் சிலரே. உதுமானியப் பேரரசர் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1900ஆம் ஆண்டு மே மாதத்தில் அதற்கான ஆணையைப் பிறப்பித்தார். 1908 செப்டம்பர் முதல் நாள் மதீனா முனவ்வராவில் அதன் திறப்பு விழா நடந்தேறியது. திமிஷ்கிலிருந்து மதீனா வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். ஒட்டகக் கூட்டத்தோடு நாற்பது நாள் நடந்த ஹாஜிகள் சில நாள்களில் போய்ச் சேரலாயினர். இவ்வளவும் பலரும் எழுதியவை, பலரும் படித்தவை.

நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொரு வினா. மதீனாவின் வாயிலில் புகை கக்கி நின்ற அந்த எஞ்சின் அங்கே எவ்வாறு போய்ச் சேர்ந்தது? அதைச் செய்த பட்டறை ஜெர்மனியில் இருந்தது. இடையே கடலும் மலையும் நீரற்ற பாலையும் கிடந்தன. சிறிய வினாவே எனினும், இதன் விடையைத் தேடிச் செல்வோர்க்கு அந்தப் பாதை எழுந்த கதை மட்டுமன்றி, அது வீழ்ந்த கதையும் புலனாகும்.

செங்கடல் வழி ஏன் கூடவில்லை?

நிலப்படத்தை நோக்கும் எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் ஒன்றுண்டு. மதீனாவுக்கு அண்மையில் யன்பூஉ துறைமுகம் இருக்கிறது. சற்றுத் தெற்கே ஜித்தா இருக்கிறது. எஞ்சின்களைக் கப்பலில் ஏற்றி அங்கே இறக்கி, அங்கிருந்தே பாதையைத் தொடங்கியிருக்கலாகாதா?

இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, அந்த வழி சூயஸ் கால்வாய் வழியாகவே செல்லும். 1882 முதல் எகிப்து ஆங்கிலப் படையின் பிடியில் இருந்தது. ஆங்கிலேயரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத வழியொன்றைப் புனித நகரங்களுக்கு அமைப்பதே சுல்தானின் நோக்கங்களுள் ஒன்று. அவ்வாறிருக்க, அந்தப் பாதைக்கான பொருள்களையே கால்வாய் வழியாகக் கொண்டுவருவதெனில் நோக்கம் என்னாவது?

இரண்டாவது தடை சுமை பற்றியது. ஓர் ஒட்டகம் சுமப்பது சில நூறு கிலோவே. நீராவி எஞ்சினின் கொதிகலன் மட்டுமே பல டன் எடையுடையது. அதனைத் துண்டு துண்டாக்கி ஒட்டகத்தின் முதுகில் ஏற்ற இயலாது. எஞ்சின் ஓர் ஊருக்குப் போகவேண்டுமாயின், அதற்கு முன்பே தண்டவாளம் அங்கே போயிருத்தல் வேண்டும். தண்டவாளம் போகவேண்டுமாயின், அதைச் சுமந்து செல்ல எஞ்சின் பின்னாலேயே வருதல் வேண்டும். ஆகவே புகைவண்டி தன் பாதையைத் தானே சுமந்து, தானே விரித்து, அதன்மேல் தானே நடந்து செல்லும் ஊர்தியாக இருந்தது. அது தொடங்கும் இடம் ஏற்கெனவே இரும்புப் பாதையும் துறைமுகமும் உள்ள இடமாகவே இருக்க முடியும். அத்தகைய இடம் அன்று ஷாம் நாடே.

அகலத்தைத் தீர்மானித்த துறைமுகம்

ஷாம் நாட்டின் கடல் வாயில் பெய்ரூத். அதன் துறைமுகத்தைக் கட்டியது ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. பெய்ரூத்திலிருந்து லெப்னான் மலைத் தொடரைக் கடந்து திமிஷ்கு வரை 1895இல் இருப்புப் பாதை அமைத்ததும் பிரெஞ்சுக் கம்பெனியே. ஏறத்தாழ 1,487 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் அம்மலைப் பாதையில், செங்குத்தான இடங்களில் பற்சக்கரம் பொருத்திய எஞ்சின்களே வண்டிகளை இழுத்தன. அப்பாதையின் அகலம் 1,050 மில்லிமீட்டர். நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய மீட்டர் கேஜைவிட ஐம்பது மில்லிமீட்டர் கூடுதல். உலகில் அருகியே காணப்படும் அளவு.

ஹிஜாஸ் பாதையின் அகலமும் அதே 1,050 மில்லிமீட்டராக அமைந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் எஞ்சினும் பெட்டியும் பெய்ரூத்தில் இறங்கி, பிரெஞ்சுக்காரரின் தண்டவாளத்தின் மீது திமிஷ்கு வரை வந்தாக வேண்டியிருந்தது. அதனால் புதிய பாதையும் பழைய பாதையின் அளவையே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. முஸ்லிம்களின் நன்கொடையால் எழுந்த பாதையின் முதல் அளவுகோல் பிறர் கையிலிருந்து வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. சரக்குக்குப் பிரெஞ்சுக் கம்பெனி கேட்ட கட்டணம் கட்டுப்படியாகவில்லை. திமிஷ்கிலிருந்து தெற்கே முஸைரீப் வரை அதே கம்பெனி வைத்திருந்த பாதையை விலைக்கு வாங்க முயன்றபோது, கேட்ட விலையும் பொருந்தவில்லை. வேறு வழியின்றித் திமிஷ்கிலிருந்து தர்ஆ வரை அதற்கு இணையாகவே தமக்கென ஒரு பாதையை உதுமானியர் அமைத்தனர். அது 1903இல் முடிவுற்றது.

ஹைஃபா என்னும் வாயில்

சொந்தப் பாதை கிடைத்தும் சொந்தத் துறைமுகம் இல்லையே! அதற்கான விடைதான் ஹைஃபா. ஹைஃபாவிலிருந்து திமிஷ்குக்குப் பாதை அமைக்க ஓர் ஆங்கிலக் கம்பெனி முன்பே உரிமை பெற்று, சில கிலோமீட்டர் மட்டும் போட்டுவிட்டுக் கைவிட்டிருந்தது. உதுமானிய அரசு இழப்பீடு கொடுத்து அவ்வுரிமையை மீட்டது. ஹைஃபாவிலிருந்து தர்ஆ வரை 161 கிலோமீட்டர்ப் பாதை 1905இல் நிறைவெய்தியது. யர்முக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாலங்களையும் குகைகளையும் கடந்து செல்லும் இப்பாதை, ஓரிடத்தில் கடல் மட்டத்துக்கு 246 மீட்டர் கீழே இறங்கிச் சென்றது. மலை ஏறிச் சென்ற பெய்ரூத் வழிக்கு மாற்றாக, பள்ளத்தில் இறங்கிச் சென்ற இவ்வழி சுல்தானின் சொந்த வழியாயிற்று.

அன்றைய ஹைஃபாவில் பெருங்கப்பல் கரையோரம் அணையும் ஆழத் துறைமுகம் இல்லை. அது 1933இல்தான் வந்தது. கப்பல்கள் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு தோணிகளில் இறங்கிக் கரை சேரும். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அறிந்த நம் மரக்கலத்தார்க்கு இக்காட்சி புதிதன்று. இரயில்வேயின் தேவைக்கென அங்கே ஓர் இறங்குதுறை கட்டப்பட்டது.

கிரவுஸ், யுங், ஹார்ட்மன் முதலிய ஜெர்மானியப் பட்டறைகளிலிருந்து எஞ்சின்கள் வந்தன. பெல்ஜியத்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தண்டவாளங்கள் வந்தன. தூர நாட்டுக்குப் போகும் எஞ்சினைக் கொதிகலன் வேறு, சட்டம் வேறு, சக்கரம் வேறு எனப் பிரித்து அனுப்பி, இறங்கிய இடத்தில் பூட்டிக்கொள்வதே அக்காலத்தில் பரவலான வழக்கம். மரக் கட்டைகள் பாலையின் வெயிலில் வெடித்துவிடும், விறகுக்கும் பறிபோகும் என்பதால், தண்டவாளத்தைத் தாங்கும் சிலீப்பர்கள் பெரும்பாலும் எஃகினால் அமைந்தன. அவையும் கடல் கடந்தே வந்தன.

இவ்வாறு சேர்ந்த எஞ்சின்கள் பாதையோடு தெற்கே நகர்ந்தன. 1904இல் மஆன், 1906இல் தபூக், 1907இல் மதாயின் ஸாலிஹ், 1908இல் மதீனா. பணிக்குத் தலைமை வகித்தவர் மைஸ்னர் பாஷா என்னும் ஜெர்மானியப் பொறியாளர். புனித பூமியை நெருங்கும் தென்பகுதியில் முஸ்லிம் அல்லாதார் செல்லலாகாது என்பதால், அங்கே முக்தார் பே முதலிய முஸ்லிம் பொறியாளர்களே பணியை நடத்தினர். உழைத்த கைகள் பெரும்பாலும் உதுமானியப் போர்வீரருடையவை. தண்ணீரும் தொட்டி வண்டிகளில் பின்தொடர்ந்து வந்தது. அந்த மணலில் நோயாலும் தாகத்தாலும் மாண்ட ஏழைச் சிப்பாய்களை வரலாற்று நூல்கள் பெயர் சொல்லி நினைப்பதில்லை. அல்லாஹ் அவர்களை அறிவான்.

காசு வந்த வழி

ஐரோப்பியக் கடனில் மூழ்கியிருந்த அரசு, இப்பணிக்கு ஐரோப்பியரிடம் கடன் கேட்பதில்லை என உறுதி பூண்டது. அரசு ஊழியரின் ஊதியத்தில் பிடித்தம், முத்திரைத் தாள் வரி, குர்பானி ஆட்டுத் தோல்களின் விலை எனப் பல வழிகளில் பொருள் திரண்டது. உலகெங்கும் உள்ள முஸ்லிம்கள் அனுப்பிய நன்கொடை, மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஈடுசெய்தது. இந்தியாவில் அமிர்தசரஸ் நகரின் பத்திரிகை ஆசிரியர் முஹம்மது இன்ஷாஉல்லாஹ் இதற்காக அயராது எழுதினார். ஹைதராபாதில் முல்லா அப்துல் கையூம் பாடுபட்டார். கொடை அளித்தோர்க்குப் பொன், வெள்ளி, நிக்கல் பதக்கங்கள் வழங்கப்பெற்றன.

ஏழை ஒருவன் கொடுத்த காசு இஸ்தன்பூல் சென்று, ஜெர்மனியில் இரும்பாகி, ஹைஃபாவில் கரை இறங்கி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணுந்தோறும் நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி இது. ஆயினும், இதே நேரத்தில் வேறொரு கூட்டத்தின் வாழ்வு தேய்ந்ததையும் மறைத்தலாகாது. ஹாஜிகளுக்கு ஒட்டகம் வாடகைக்கு விட்டும் வழித்துணை சென்றும் பிழைத்த பதவிக் குலத்தார், புகைவண்டியைத் தம் வயிற்றில் அடித்த பகையாகவே கண்டனர். மதீனாவை அண்மித்த காலத்தில் அவர்கள் பணியாளர்களைத் தாக்கினர். மக்கா வரை நீள வேண்டிய பாதை மதீனாவோடு நின்றதற்கு அவர்களது எதிர்ப்பும் மக்கா ஷரீஃபின் விருப்பமின்மையும் காரணங்களாயின.

மற்றொரு வாயிலையும் சுல்தான் தேடினார். மஆனிலிருந்து அகபா விரிகுடாவுக்குக் கிளைப்பாதை போட்டால் செங்கடலே கைக்கு வரும். 1906இல் அகபாவுக்கு அருகே தாபா என்னுமிடத்தை உதுமானியப் படை பிடித்தபோது, ஆங்கிலேயர் போர்க்கப்பலைக் காட்டி மிரட்டிப் பின்வாங்கச் செய்தனர். கிளைப்பாதை எண்ணமும் அத்துடன் ஓய்ந்தது. பாதையை அமைக்க விட்டவர்கள், கடல் வாயிலைத் திறக்க விடவில்லை.

வாயில் அடைபட்டபோது

ஹிஜாஸ் பாதை எதனால் அழிந்தது என்று கேட்டால், லாரன்ஸின் வெடிமருந்தால் என்று விடை வரும். தபூக்கிற்கு வடக்கே ஹல்லத் அம்மாருக்கு அருகில், 1917 செப்டம்பரில், இரண்டு எஞ்சின் பூட்டிய வண்டியை அவர் தகர்த்தது உண்மையே. அத்தகைய தாக்குதல்கள் பல நிகழ்ந்ததும் உண்மையே. ஆயினும் தகர்ந்த தண்டவாளங்களை உதுமானியர் மீண்டும் மீண்டும் செப்பனிட்டனர். மதீனாவின் காவலர் ஃபக்ரீ பாஷா, போர் நிறுத்தத்துக்குப் பின்னரே, 1919 ஜனவரியில் சரணடைந்தார்.

எனவே, வெடிமருந்து கெடுத்ததைவிடக் கடல் அடைப்பு கெடுத்ததே மிகுதி என்பது நம் கருத்து. 1914இன் இறுதியில் பேரரசு போரில் இறங்கியதும் நேச நாடுகளின் கப்பற்படை ஷாம் கரையை முற்றுகையிட்டது. ஹைஃபாவிலும் பெய்ரூத்திலும் சரக்கு இறங்கவில்லை. நிலக்கரி நின்றது, பழுதான எஞ்சினுக்கு உதிரி உறுப்புகள் நின்றன. ஜெர்மனியிலிருந்து அனுப்புவது இஸ்தன்பூல் வந்து, அனதோலியா வழியே தரையில் வரவேண்டும். அங்கே தாரஸ், அமானஸ் மலைகளின் குகைகள் முடிவுறாமல் கிடந்தன. வண்டியிலிருந்து இறக்கி, மலையைக் கடத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். பின்னர் ரயாக் நிலையத்தில் அகலப் பாதை முடிந்து 1,050 மில்லிமீட்டர்ப் பாதை தொடங்கும். அங்கும் இறக்கி ஏற்ற வேண்டும். மூன்று இடத்தில் கைமாறி வரும் சரக்கு எத்தனை நாளில் மதீனா சேரும்? கரி இல்லாத குறையை நீக்க ஷாம் நாட்டின் காடுகளையும் ஒலிவத் தோப்புகளையும் வெட்டி எரித்தனர். விறகில் ஓடும் எஞ்சின் எத்தனை நாள் ஓடும்?

போருக்குப்பின் பாதை, நாடுகள் பிரிந்தவாறே துண்டாயிற்று. 1923இல் லோசான் மாநாட்டின்போது பிரிட்டனும் பிரான்சும் அதன் சமயத் தன்மையை ஏற்று, முஸ்லிம் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க இசைந்தன. அதனால் வண்டி ஓடிவிடவில்லை. 1946இல் ஹம்மாவுக்கு அருகே யர்முக் பாலம் யூதப் போராளிப் படையினரால் தகர்க்கப்பட்டதோடு, ஹைஃபா வாயில் அறவே மூடப்பட்டது. 1960களில் தென்பகுதியைப் புதுப்பிக்கத் தொடங்கிய பணியும் 1967 போருக்குப்பின் கைவிடப்பட்டது. மதாயின் ஸாலிஹில் பழைய எஞ்சின் ஒன்று காட்சிப் பொருளாக நிற்கிறது; மதீனாவின் நிலையம் அருங்காட்சியகமாயிற்று.

மதீனாவுக்கு மீண்டும் இரயில் வந்தது 2018இல். ஹரமைன் அதிவேக இரயில் மக்காவையும் மதீனாவையும் ஜித்தா வழியே இணைக்கிறது. அதன் வண்டிகள் ஸ்பெயின் நாட்டில் செய்யப்பட்டு, கப்பலேறி, ஜித்தாவில் வந்திறங்கியவை. அன்று சுல்தானுக்கு எட்டாத செங்கடல் வழி இன்று திறந்திருக்கிறது. ஊர்தி மட்டும் இன்றும் அயல்நாட்டுப் பட்டறையிலிருந்தே வருகிறது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? பொருள் திரட்டும் ஆர்வத்தில் நம் சமுதாயம் என்றும் குறைவுடையதன்று. குர்பானித் தோலின் காசையும் கொடுத்து ஒரு பேரியந்திரத்தை வாங்க முடிந்தது. ஆனால் அதைச் செய்யும் பட்டறையும், அதற்குத் தீனியாகும் கரியும், அது வந்திறங்கும் துறையும் நம் கையில் இல்லாதபோது, வாங்கியதை ஆறே ஆண்டுகள்தாம் அமைதியாக ஆள முடிந்தது. இன்று நம் ஊர்களில் கல்விக்கூடம், மருத்துவமனை, அச்சகம் என அறக்கொடையால் நிறுவனங்களை எழுப்புவோர், கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் சேர்ந்ததோடு நின்றுவிடலாகாது. அவற்றை இயக்குவோரையும், பழுது பார்ப்போரையும், நாள்தோறும் வேண்டுவன வரும் வழியையும் அதே கொடையில் சேர்த்து எண்ணுதல் வேண்டும். கொடுத்தவர்களின் நிய்யத்துக்கு நாம் செய்யத்தக்க கடமை அதுவே.