இரவு ஆட்டமும் பகல் நிழற்படமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அமைப்பைக் கூறும் இளங்கோவடிகள், அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளவு சொல்வதோடு நின்றுவிடவில்லை. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்ட செய்தியையும் எடுத்துரைக்கிறார். கூத்துக்கு ஒளி எத்துணை இன்றியமையாதது என்பதைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

அவ்விளக்கு அவையோர் கண்ணுக்காக வைக்கப்பட்டது. மனிதக் கண் மங்கிய ஒளிக்கும் பழகிக்கொள்ளும். நிழற்படக் கருவி அவைக்குள் வந்தபோதோ, அவ்வாறு பழகிக்கொள்ள இயலாத புதியதொரு கண் அங்கே வந்து அமர்ந்தது. அக்கண்ணுக்காக ஆட்டம் மாறிற்றா, அன்றி ஆட்டத்துக்காக அக்கண் காத்திருந்ததா? கலை வரலாற்றை ஆராய்வோர் கேட்டாக வேண்டிய வினா இது. இதற்குத் தெளிவான விடை தரும் இடங்களுள் ஒன்று, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அண்மையிலுள்ள பாலித் தீவு.

கருவியின் தேவை

ஆடுபவரின் கையசைவு கலங்காமல் படத்தில் விழ வேண்டுமாயின், கருவியின் மூடி ஒரு வினாடியில் 200இல் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவாகவோதான் திறந்திருக்க வேண்டும். அச்சிறு நேரத்துக்குள் வேண்டிய ஒளி முழுவதும் உள்ளே புகவேண்டும். எண்ணெய் விளக்கின் ஒளி இதற்குப் போதாது. ஆகவே தொடக்கக் கால நாட்டியப் படங்களிற் பல, ஆடுபவரைப் படநிலையத்துக்கு அழைத்து, அசையாது நிற்கச் செய்து எடுத்தவையே. அவை ஆட்டத்தின் படங்கள் அல்ல, ஆட்டக்காரரின் படங்கள்.

1887இல் செருமனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியம் கலந்த ஒளிப்பொடியை உருவாக்கினர். இருளிலும் படமெடுக்க அது வழிசெய்தது. ஆனால் கண்ணைப் பறிக்கும் ஒளியும் புகையும் உடன் வந்தன. 1924இல் எர்மனாக்ஸ் என்னும் கருவி மிகுந்த ஒளியை ஏற்கும் வில்லையோடு வெளிவந்தது. 1925இல் லைக்கா என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கக்கூடிய இக்கருவியைக் கையிலேந்திக் கொண்டு நடமாடலாம். 1930ஐ ஒட்டிப் புகையில்லாத ஒளிக்குமிழ்களும் வந்தன. எனினும் அக்காலப் படச்சுருளின் ஒளியுணர்வு குறைவு. ஆதலின் இரவில் ஓடியாடும் கூத்தைத் தொடர்ந்து படம்பிடிப்பது அரிதாகவே இருந்தது.

பாலித் தீவிலோ சிறப்புடைய ஆட்டங்கள் பல, கோயில் விழாக்களில் இரவு நேரத்தில் நிகழ்பவை. 1912 முதல் அங்கே மருத்துவராகப் பணியாற்றிய கிரெகோர் கிராவுசே எடுத்த படங்கள் 1920இல் செருமனியில் நூலாக வெளிவந்து, ஐரோப்பியர் பலரைப் பாலியின்பால் ஈர்த்தன. சாவகத்தின் காருட் நகரில் படநிலையம் நடத்திய தில்லி வைசன்போர்ன் அம்மையார் 1920களில் பாலி நடனச் சிறுமியரை அழகுறப் படமெடுத்தார். அவை பெரும்பாலும் பகலில், நிறுத்திவைத்து எடுத்த படங்களே.

இரு ஆய்வாளர்

இந்நிலையில் 1936ஆம் ஆண்டு மார்கரெட் மீட் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞரும், அவர் கணவர் ஆங்கிலேயரான கிரெகரி பேட்சனும் பாலிக்கு வந்து சேர்ந்தனர். 1938 வரை தங்கியிருந்து, 1939இல் மீண்டும் சில வாரம் வந்தனர். பாயுங் கெடே என்னும் மலையூர் அவர்களது ஆய்வின் முதன்மைக் களமாயிற்று. படத்தை நூலுக்கு அணியாகச் சேர்ப்பது அவர் நோக்கமன்று. படத்தையே ஆய்வுச் சான்றாக்குவதுதான் நோக்கம். பேட்சன் கருவியை இயக்குவார், மீட் குறிப்பெழுதுவார், இ மாடே காலெர் என்னும் பாலி இளைஞர், பேசப்படும் பேச்சைப் பாலி மொழியிலேயே எழுதிவைப்பார். குறிப்புகளில் நேரத்தையும் குறித்தமையால், எந்தப் படம் எப்பொழுது எடுத்தது என்பதைப் பின்னர் ஒப்புநோக்க முடிந்தது.

இரண்டாண்டுக்குப் போதும் என்று எண்ணி அவர்கள் கொண்டுவந்தவை 75 சுருள்கள். ஒருநாள் பெற்றோரும் பிள்ளைகளும் பழகுவதை 45 நிமிடம் கவனித்து எடுத்தபோதே 3 சுருள்கள் தீர்ந்துபோயின. கணக்குப் பிழைத்தது என்பதை உணர்ந்து, மொத்தமாகப் படச்சுருள் வாங்கித் தாமே வெட்டிப் பயன்படுத்தலாயினர். முடிவில் ஏறத்தாழ 25,000 நிழற்படங்களும் 22,000 அடி அசைபடமும் சேர்ந்தன. அவற்றுள் 759 படங்கள் 1942இல் நியூயார்க்கில் வெளிவந்த 'பாலினீஸ் காரக்டர்' என்னும் நூலில் இடம்பெற்றன.

1937 டிசம்பர் 16

பாலி மக்களின் கூத்துகளுள் ஒன்று, ராங்டா என்னும் சூனியக்காரிக்கும் பாரோங் என்னும் காவல் விலங்குக்கும் நடக்கும் போர். பாரோங்கைச் சார்ந்தோர் கிரிசு எனப்படும் குத்துவாளோடு ராங்டாவை எதிர்ப்பர். அவள் ஆற்றலால் மயங்கி விழுவர். பின்னர் அருள்வந்த நிலையில் எழுந்து, வாளைத் தம் மார்பிலேயே அழுத்திக்கொள்வர். மீட்டும் பேட்சனும் கண்ட குழுவில் பெண்களும் வாளேந்தி ஆடினர். வழக்கமாக அது நள்ளிரவை ஒட்டிய ஆட்டம். ஆடிய பெண்கள் முதியவர்கள்.

1937 டிசம்பர் 16ஆம் நாள், பகூத்தான் என்னும் ஊரில், அவ்விருவரும் கூலி கொடுத்து ஏற்பாடு செய்தபடி இவ்வாட்டம் பட்டப்பகலில் நடைபெற்றது. காரணம் ஒன்றே: படமெடுக்க வெயில் வேண்டும். அன்று நேரம் மட்டும் மாறவில்லை. பகலில் படம்பிடிக்கப் போகிறார்கள் என்றதும், ஆட்டத்தை ஏற்பாடு செய்தவரே முதிய பெண்களுக்குப் பதிலாக அழகிய இளம்பெண்களைக் களத்தில் இறக்கிவிட்டார். ஆய்வாளர் கேட்டது பகலை. ஊரார் தாமாகச் சேர்த்துக் கொடுத்தது இளமையை!

இதனை மீட் மறைக்கவில்லை. பிற்காலத்தில் தாமே எழுதினார். அதற்குமுன் ஒருநாளும் அருள்வந்து ஆடியிராத அப்பெண்கள், வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழகிய ஆட்டத்தைப் பிழையின்றி ஆடியதைப் பதிவுசெய்ய முடிந்தது என்பது அவர் கருத்து. பேட்சனும் தம் நூலில், சில வேளைகளில் பணம் கொடுத்து ஆட்டம் நிகழச் செய்ததை ஒப்புக்கொண்டுள்ளார். பாலியில் கூத்துக்குப் பணம் கொடுப்பது இயல்பான வழக்கமே என்றும் அவர் விளக்கினார்.

பொய்யா, மெய்யா?

அப்படியாயின் அப்படம் பொய்யா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அங்கே ஆடியவர் பாலி மக்களே. ஆடியது அவர்தம் ஆட்டமே. அசைவும் முறையும் அதில் உள்ளன. வாளை அழுத்தும் தோளின் வளைவைப் பல பக்க எழுத்தாலும் காட்ட இயலாது.

ஆயினும் அதனை முழு மெய் என்று கொள்வதும் தவறு. இரவின் இருளும், விழித்திருந்த ஊரும், தம் உடல் தளர்ந்தும் அருளால் எழுந்து ஆடும் மூதாட்டியரும் அதில் இல்லை. அப்படத்தை மட்டும் பார்க்கும் மாணவன், பாலியில் இவ்வாட்டம் இளம்பெண்கள் பகலில் ஆடுவது என்று எழுதினால், அவனைக் குறைகூற முடியாது. படம் அவனுக்கு அதைத்தான் சொல்லிற்று. வெயில் அடிப்பதைப் படம் காட்டும். ஏன் வெயிலில் ஆடினார்கள் என்பதைக் காட்டாது. அதைச் சொன்னது பக்கத்தில் எழுதிய குறிப்பு. குறிப்பில்லாப் படம் பாதிச் சான்று எனலாம்.

பின்னர் நிகழ்ந்தவை

1938இல் வால்டர் ஸ்பீஸ் என்னும் செருமானிய ஓவியரும் பெரில் டி சூட்டே அம்மையாரும் பாலியின் நடனம், நாடகம் பற்றிய பெருநூலொன்றைப் படங்களுடன் வெளியிட்டனர். ஸ்பீஸ் 1940இல் டச்சு அரசால் காவலில் வைக்கப்பட்டு, 1942 சனவரியில் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பல் சப்பானிய விமானத்தால் தாக்கப்பட்டபோது கடலில் மாண்டார்.

பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1949இல் பாலியில் எடுத்த படங்கள் 1954இல் நூலாயின. அவர் மனைவி ரத்னா மோகினி சாவகத்து நடனமாது. செயற்கை ஒளியைப் பாய்ச்சிப் படமெடுப்பது முறையற்றது என்பது அவர் வாழ்நாள் கொள்கை. இருக்கும் ஒளியில் எடுத்தால் எடுப்பது, இல்லையேல் விட்டுவிடுவது. மீட், பேட்சன் வழி ஒன்று, இது மற்றொன்று. முன்னது ஆட்டத்தை மாற்றியது, அசைவு முழுவதையும் பெற்றது. பின்னது ஆட்டத்தை விட்டுவைத்தது, கிடைத்த கணத்தோடு நிறைவடைந்தது.

காலப்போக்கில் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். பத்துபுலான் என்னும் ஊரில் பாரோங் ஆட்டம் காலை வேளையில் பயணிகளுக்காகவே நடைபெறுகிறது. இந்நிலையில், எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்ற கவலை பாலி மக்களுக்கே எழுந்தது. 1971இல் அவர்தம் அறிஞரும் கலைஞரும் சமய அறிஞரும் கூடி ஆட்டங்களை மூவகையாக வகுத்தனர்: கோயிலின் உட்புறத்தே வழிபாடாக ஆடும் வாலி, நடுமுற்றத்தில் விழாவோடு ஒட்டி ஆடும் பெபாலி, வெளியே காட்சிக்காக ஆடும் பாலி-பாலிகான். இம்மூவகையையும் 2015இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கருவி பிடித்தவரும் காசு கொடுத்தவரும் நெடுங்காலம் வரைந்துவந்த எல்லையை, ஆட்டத்துக்கு உரியவரே வரைந்துகொண்டனர் என்பது இதன் சிறப்பு.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இன்று கைத்தொலைபேசியே மங்கிய ஒளியில் படமெடுக்கிறது. ஒளிக்காக இரவைப் பகலாக்க வேண்டிய தேவை இல்லை. ஆயினும் ஆடும் சிறுமியை, "அப்படியே நில் அம்மா" என்று நிறுத்தும் பழக்கம் போய்விடவில்லை. நின்றபின் எடுத்த படமும் ஆடும்போது எடுத்த படமும் ஒரே ஏட்டில் ஒட்டப்படுகின்றன. ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது.

பள்ளி ஆண்டு விழாவிலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் எடுக்கும் கோலாட்டம், கும்மி, காவடிப் படங்கள் நாளைய வரலாற்றுக்குச் சான்றாக வேண்டுமாயின், படத்தின் பின்புறத்தில் ஐந்து செய்திகள் இருத்தல் நன்று: இடம், நாள், நேரம், ஆடியது யார், ஆடும்போது எடுத்ததா நிறுத்தி எடுத்ததா. மாணவர்க்கும் இதனைப் பழக்கலாம். பகூத்தானில் ஒரு பகற்பொழுதில் நடந்ததை இன்றும் உள்ளவாறு அறிய முடிவதற்குக் காரணம், படம் எடுத்தவர்கள் அதனை எப்படி எடுத்தார்கள் என்பதையும் எழுதிவைத்ததே ஆகும்.