நடைவழியில் கேட்காத கேள்வி

கிரேக்கர்களுக்கு தெஸ்ஸலோனிகி. துருக்கியர்களுக்கு செலானிக். ஸ்லாவியர்களுக்கு சொலுன். யூதர்களுக்கு சலோனிகா. ஒரே துறைமுகத்துக்கு இத்தனை பெயர்கள். சுற்றுலா நடைகளுக்கு இது தோதான தொடக்கம். 'பன்முகக் கலாச்சாரம்' என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ரோட்டுண்டாவின் முன் நிறுத்தி, ரோமானியர் கட்டியது, பிறகு தேவாலயம், 1591இல் மசூதி, 1912க்குப் பின் மறுபடி தேவாலயம், மினார் மட்டும் மிச்சம் என்று அடுக்கிவிடலாம். எல்லோரும் ஒன்னா இருந்தாங்க, சரி. அப்புறம் எங்கே போனாங்க?

1492இல் ஸ்பெயின் துரத்திய யூதர்கள் ஒட்டோமான் ஆட்சியில் இங்கே குடியேறினார்கள், லடீனோ பேசினார்கள். சுமை தூக்கியவர்கள் அவர்களே என்பதால் சனிக்கிழமை துறைமுகமே ஓய்வெடுத்தது. 1909இல் அவ்ராம் பெனரோயாவும் தோழர்களும் தொழிலாளர் கூட்டமைப்பு தொடங்கி லடீனோ, துருக்கி, பல்கேரிய, கிரேக்க மொழிகளில் பத்திரிகை போட்டார்கள். பன்மைக்கு அரண்மனை வேண்டியதில்லை, மூட்டை தூக்குகிறவனின் முதுகே போதும் என்று இதைப் படிக்கும்போது தோன்றும்.

1923 லொசான் ஒப்பந்தம் மதத்தை வைத்து மனிதர்களைப் பங்கு போட்டது. என்ன பேசுகிறாய், எங்கே இருக்க விரும்புகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இஸ்லாத்துக்கு மாறிய யூதர்களின் வழிவந்த டோன்மேக்கள் 1902இல் கட்டிய புதிய மசூதியை விட்டுவிட்டு 'முஸ்லிம்கள்' கணக்கில் துருக்கிக்குப் போனார்கள். அந்தத் துரத்தலே இருபது வருஷம் கழித்து அவர்களை ரயிலேறாமல் காப்பாற்றியது. வரலாற்றின் குரூரக் கணக்கு.

1942 ஜூலையில் சுதந்திரச் சதுக்கத்தில் சுமார் 9,000 யூத ஆண்களை வெயிலில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். 1908 இளந்துருக்கியர் புரட்சியால் பெயர் பெற்ற சதுக்கம் அது. 1943 மார்ச் 15இல் முதல் ரயில் ஆஷ்விட்ஸுக்குக் கிளம்பியது. ஆகஸ்டுக்குள் 45,000க்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. பின்னர் அந்தச் சதுக்கம் பல ஆண்டுகள் கார் நிறுத்துமிடம்.

நாஜிகள் செய்தார்கள் என்று முடித்துவிட முடியாத ஒரு இடம் இருக்கிறது. யூதர்களின் பழைய இடுகாடு. சில லட்சம் கல்லறைகள். நகரின் மத்தியில் இருந்த அந்த நிலத்தின்மீது போருக்கு முன்பிருந்தே பலருக்கும் ஒரு கண். 1942 டிசம்பரில் ஜெர்மானியர் அனுமதி கொடுத்தார்கள். இடித்தவர்கள் நகராட்சி அமர்த்திய கூலியாட்கள். கற்கள் நடைபாதைக்குப் போயின, சுவர்களுக்குப் போயின, தேவாலயப் பழுதுபார்ப்புக்கும் போயின. நிலத்தில் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைக்க 2014 வரை ஆனது. வகுப்புக்குப் போகும் மாணவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.