மனிதவுரிமையும் மக்களாட்சியும்: முதுகலை ஆய்விற்குத் தென்காசிப் பகுதி தரும் சான்றுகள்

முன்னுரை

மனிதவுரிமை, மக்களாட்சி என்னும் இரண்டும் இந்நாளில் முதுகலை மாணவர் கற்கும் பொருள்களாக அமைந்துள்ளன. ஐக்கிய நாடுகள் அவை 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஏற்றுக்கொண்ட உலக மனிதவுரிமைச் சாற்றுரையும், 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பும், தேசிய மனிதவுரிமை ஆணையத்திற்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பாடத்தின் தூண்களாம். இவற்றைக் கற்றபின் தமிழ் மாணவர் தம் நாட்டு வரலாற்றின்பால் திரும்புவர். திரும்புங்கால் பெரும்பாலும் அவர் செய்வது ஒன்றே. உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டி, மக்களாட்சி நமக்குப் புதிதன்று என்று கூறி முடித்துவிடுவர். அம்முடிபு முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. மக்களாட்சி உள்ள இடத்தில் மனிதவுரிமை தானே இருக்கும் என்னும் எண்ணம் அதனுள் மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஒரு சிறு நிலப்பகுதியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் களமாகக் கொள்வது இலத்தூரைச் சூழ்ந்த பகுதி. இலத்தூர்க் குளக்கரையில் நிற்பார்க்குத் தென்காசியும் செங்கோட்டையும் குற்றாலமும் சில கல் தொலைவினவே. இன்று இவை யாவும் 2019 நவம்பர் 22இல் தொடங்கப்பெற்ற தென்காசி மாவட்டத்துள் அடங்கும். ஆனால் 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன்னர் நிலைமை வேறு. தென்காசியும் குற்றாலமும் சென்னை அரசின்கீழ்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. செங்கோட்டையோ திருவிதாங்கூரிலும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தது. மொழி ஒன்று; மழையும் மலையும் ஒன்று; உறவுமுறையும் ஒன்று. ஆட்சி மட்டுமே இரண்டு. உரிமையின் வரலாற்றை ஒப்பிட்டுக் காண இதனினும் ஏற்ற களம் அரிது.

மானூர்ச் சபை

முதற்கண் பழைய சான்றினைக் காண்போம். ஊராட்சி பற்றிப் பேசுவோர் உத்தரமேரூரை நாடி வடக்கே செல்வர். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட சான்று திருநெல்வேலிச் சீமையிலேயே உண்டு. மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனின் 35ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட மானூர்க் கல்வெட்டே அது. அதன் காலம் ஏறத்தாழக் கி.பி. 800 என்பர்.

மானூர் மகாசபையார் கூடிச் செய்த முடிவுகளை அக்கல்வெட்டுக் கூறுகின்றது. ஊரில் நிலப்பங்கு உடையாரின் மக்களுள் நல்லொழுக்கம் உடையவராய், மந்திர பிராமணமும் ஒரு தருமநூலும் கற்றவரே சபையில் அப்பங்கின் சார்பாக அமர்ந்து செயற்படலாம். சபையின் நடவடிக்கை ஒவ்வொன்றையும் மறுத்துரைத்துத் தடைசெய்வாரும் அவர்க்குத் துணைநிற்பாரும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும்.

உத்தரமேரூர் விதிகள் இதனினும் விரிந்தன. முதற்பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு உரிய, அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அவ்விரு கல்வெட்டுகளும் ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை முறையை வகுத்தன. இரண்டாம் கல்வெட்டு உறுப்பினர்க்கு 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவையை வரையறுத்தது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வருதல் இயலாது. பொதுப்பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் இக்கொள்கை எக்காலத்தும் போற்றத்தக்கது.

எனினும் இவ்விதிகளை மற்றொரு முறை படித்தல் வேண்டும். நிலவுரிமையும் வேதப்பயிற்சியும் தகுதியெனக் கொள்ளப்பட்டபோது, அந்நிலத்தை உழுதவரும் குளத்தில் மண்ணெடுத்தவரும் எங்கே நின்றனர்? சபை மட்டுமன்றி ஊர், நாடு, நகரம் என்னும் அவைகளும் இருந்தனவே எனின், உண்மை. ஆனால் ஊரும் நாடும் நிலமுடையாரின் அவைகளே, நகரம் வணிகருடையது. உடைமையும் பிறப்பும் அற்ற மாந்தர்க்கு, மாந்தர் என்னும் ஒன்று பற்றியே இடமளித்த அவை அக்காலத்தில் இல்லை. ஆதலின் மானூர்ச் சபை தன்னாட்சிக்குச் சான்றாகுமே அன்றி மனிதவுரிமைக்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை உணராது எழுதும் ஆய்வு புகழ்மாலையாக முடியும்.

கோயில் வாயில்

இனி நம் காலத்திற்கு அணித்தாய செய்திக்கு வருவோம். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராமவர்மர் 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவுச் சாற்றுரையை வெளியிட்டார். மன்னரின் ஆட்சிக்கும் அவரது அரசுக்கும் உட்பட்ட கோயில்களில் பிறப்பு பற்றி எந்த இந்துவையும் தடுத்தலாகாது என்பது அதன் சாரம். செங்கோட்டை அந்நாட்டின் பகுதி. ஆதலின் அச்சாற்றுரை செல்லும் நிலம்.

அதே நாளில் சில கல் கிழக்கேயுள்ள தென்காசியில் அத்தகைய ஆணை இல்லை. சென்னை மாகாணத்தில் 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய நுழைவிற்குப் பின்னரே, அதே ஆண்டில் அதற்கு அரண் செய்யும் சட்டம் பிறந்தது. கோயில் நுழைவைப் பொதுவுரிமையாக்கிய சட்டம் 1947இல் வந்தது. எனவே எல்லையின் ஒருபுறத்தார்க்கு 1936இல் கிட்டியது மறுபுறத்தார்க்குச் சட்டத்தின் வாயிலாகக் கிட்ட ஏறத்தாழப் பதினோராண்டு ஆயிற்று.

ஈண்டு நோக்கத்தக்கது யாது? திருவிதாங்கூரில் உரிமையை வழங்கியது மன்னராணை, மக்கள்மன்றம் அன்று. சென்னையிலோ, சொத்தும் கல்வியும் உடையார்க்கே பெரிதும் வாக்களித்த முறையேயாயினும், தேர்தலால் அமைந்த சட்டமன்றம் இருந்தது. ஆயினும் அதன் நடை மெதுவாக இருந்தது. இதனால் மன்னராட்சியே நன்று எனக் கொள்ளுதல் பிழை. அம்மன்னராணைக்கு முன்னர் 1924–25இல் நிகழ்ந்த வைக்கம் போராட்டம் இருந்தது. அதில் பெரியார் ஈ. வெ. இராமசாமி சிறை சென்றதும் யாவரும் அறிந்ததே. கொடுத்தவர் பெயரைச் சாற்றுரை சொல்லும். கேட்டவர் பெயரை ஆய்வாளரே தேடிச் சொல்ல வேண்டும்.

வாக்குரிமையும் துப்பாக்கியும்

வாக்குரிமையிலும் இவ்வெல்லை வேறுபாட்டைக் காணலாம். 1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் பிரதிநிதிகள் அவைக்கு வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்களிக்கும் முறையில் தேர்தல் நிகழ்ந்தது. தென்காசி மக்கள் அம்முறையில் வாக்களித்தது 1951–52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலேதான். ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் மானூரில் நிலமும் வேதமும் கேட்ட தகுதி நீங்கி, அகவை ஒன்றே தகுதியாக நின்ற முதல் நாள்கள் இவையே. மக்களாட்சியின் தொடக்கத்தைக் குறிக்க வேண்டுமாயின் இந்நாள்களையே நாம் குறிப்போம்.

ஆனால் வாக்குரிமை வந்த அளவில் பிறவுரிமைகள் யாவும் காக்கப்பட்டனவா? திருவிதாங்கூர்த் தமிழ்ப்பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் போராடினர், ஏ. நேசமணி அவருள் தலையாயவர். 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் போராடியோர்மீது காவலர் சுட்டனர், உயிர்கள் மாண்டன. அப்பொழுது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் அமைந்த அமைச்சரவை; தேர்தலின் வழி வந்ததே. அவ்வமைச்சரவை விலக வேண்டுமென அவர்தம் கட்சியின் பொதுச்செயலாளராகிய இராம் மனோகர் லோகியாவே கேட்டார். ஈராண்டிற்குப்பின், 1956 நவம்பர் 1இல், மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி குமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன.

மூன்று சான்றுகளையும் சேர்த்துக் காண்போம். மானூரில் அவை இருந்தது. அனைவர்க்கும் உரிமை இல்லை. 1936இல் ஓர் உரிமை வந்தது, மக்களாட்சி இல்லை. 1954இல் வாக்கினால் வந்த அரசு இருந்தது. கூடிக் கேட்கும் உரிமை குண்டிற்கு இரையாயிற்று. ஆகவே மக்களாட்சியும் மனிதவுரிமையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பனவாயினும் ஒன்றல்ல என்பது பெறப்படும்.

பயிற்றுமுறை

முதுகலை நிலையில் இப்பொருளைக் கற்பிப்பார்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. எச்சான்றினை எடுப்பினும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்விதியின் உள்ளே இருந்தவர் யார், புறத்தே நின்றவர் யார்? இவ்வுரிமை கேட்டுப் பெற்றதா, கேளாது வந்ததா? மறுக்கப்பட்டவர் முறையிட ஓரிடம் இருந்ததா? மூன்றாம் வினாவே அரசியலமைப்பின் 32ஆம் உறுப்பின் அருமையை விளக்கும். உரிமை மறுக்கப்பட்டவர் உச்சநீதிமன்றத்தை நேரே நாடுதலையே அடிப்படை உரிமையாக்கியது அது.

கல்வெட்டுத் தொகுதிகளோடு எல்லையோர ஊர்களின் வருவாய் ஆவணங்கள், வாக்காளர் பட்டியல்கள், கோயில் பதிவேடுகள், முதியோர் நினைவுகள் ஆகியவற்றையும் மாணவர் நாடுதல் வேண்டும். தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பைத் தேர்வுத்தாளில் எழுதுவோர், தம் ஊர்க் குளத்தின் எந்தத் துறையில் யார் நீரெடுத்தனர், அவ்வழக்கு எவ்வாண்டில் மாறிற்று என்பதையும் கேட்டறிந்து எழுதுவாராயின், அப்பாடம் ஏட்டினின்றும் இறங்கி நிலத்திற்கு வரும்.

முடிவுரை

தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அக்கோயிலுக்கு ஒரு குறை நேருங்கால் அதனை வந்து நீக்கிக் காப்பவர் யாவராயினும் அவரைப் பணிவதாகச் செய்யுளாற் பொறித்துள்ளான். அவன் கருதியது கோயிலின் கட்டடமும் பூசையும் ஆகலாம். அதனை மனிதவுரிமைச் சான்றாகக் காட்டுதல் நாமே மேலே விலக்கிய பிழையாகும். எனினும், அவ்வாயிலுக்குப் புறத்தே ஒரு கூட்டத்தாரைப் பல தலைமுறை நிறுத்தியதும் அக்கோயிலுக்கு நேர்ந்த குறையே எனக் கருதுதல் பிற்காலத்தார்க்கு உரிய உரிமை. அக்குறையை நீக்கியவர் பலர்க்குக் கல்வெட்டு இல்லை. அவர் வரலாற்றை எழுதுதல் முதுகலை மாணவர்தம் கடனாகும்.