எஸ்மெம்: நினைவகக் கண்காணிப்புக் கருவி

எஸ்மெம் என்பது லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு செயலாக்கமும், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும், எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டும் கட்டற்ற மென்பொருளாகும். மெர்க்குரியல் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை 2005இல் தொடங்கிய மேட் மெக்கால் இதனைப் பைத்தான் மொழியில் எழுதினார்.

பல நிரல்கள் ஒரே நூலகக் கோப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது, வழக்கமான கருவிகள் அப்பகுதியை ஒவ்வொரு நிரலின் கணக்கிலும் முழுமையாகச் சேர்ப்பதால் கூட்டுத்தொகை மிகைப்பட்டுவிடுகிறது. எஸ்மெம், பகிரப்பட்ட பகுதியைப் பகிர்வோரின் எண்ணிக்கையால் வகுத்து, நிரலின் தனிப்பகுதியுடன் கூட்டிப் பி.எஸ்.எஸ். என்னும் விகிதப் பங்களவைத் தருகிறது. 3 செயலாக்கங்கள் 30 மெகாபைட்டைப் பகிர்ந்தால், அதில் ஒவ்வொன்றின் பங்கு 10 மெகாபைட் மட்டுமே. தனிப்பகுதி மட்டும் யு.எஸ்.எஸ். எனப்படும், நிரலை நிறுத்தினால் விடுபடும் நினைவகத்தை அது குறிக்கிறது. இத்தரவுகள், இயங்குதளத்தின் மையமான கருனி ‘ப்ராக்’ என்னும் மெய்நிகர் கோப்பகத்தில் வெளியிடும் ‘எஸ்மேப்ஸ்’ கோப்புகளிலிருந்து பெறப்படுவதால், பிற பயனர்களின் செயலாக்கங்களைக் காண நிர்வாகி உரிமை தேவைப்படுகிறது.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில், மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ‘ஆப்ட்’ என்னும் தொகுப்பு மேலாளர் வழியே எஸ்மெம் நிறுவப்படுகிறது. முனையத்தில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் எஸ்மெம்’ என்ற கட்டளையை இட்டால், தேவையான சார்புத் தொகுப்புகளும் உடன் வந்து சேரும். ‘சுடோ’ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்குவதாகும். நீக்கும்போது, ‘இன்ஸ்டால்’ என்பதற்குப் பதிலாக ‘ரிமூவ்’ என இட்டால் நிரல் மட்டும் அகன்று கணினி அளவிலான அமைவுக் கோப்புகள் எஞ்சும். ‘பர்ஜ்’ அவற்றையும் அழிக்கும். பயனற்றுப்போன சார்புத் தொகுப்புகளை ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை அகற்றுகிறது.