மவ்ஸிமும் மழையும்: தென்கடலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிகள் வரை

பருவக்காற்றைக் குறிக்கும் ‘மான்சூன்’ என்னும் ஆங்கிலச் சொல், ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பா சென்றது என்பதை அறிஞர் பலரும் ஒப்புவர். அடையாளமிடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த மவ்ஸிம், குறித்த காலத்தை உணர்த்தும். கப்பலோட்டிகளுக்கு அது பாய் விரிக்கும் காலம்.

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அல்மஸ்ஊதி இக்காற்றுகளைப் பற்றி எழுதினார். ஜுல்ஃபாரில் பிறந்த மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், ஹிஜ்ரி 895 அளவில் இயற்றிய ‘கிதாபுல் ஃபவாயித்’ நூலில், எத்துறையிலிருந்து எந்நாளில் புறப்பட வேண்டும் என்பதை நைரூஸ் ஆண்டின் நாட்கணக்கில் வகுத்துரைத்தார். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டழைத்த நம் கடற்கரை மக்களும் இவ்வறிவில் பங்காளிகளே. ஆயினும் காற்று வரும் காலத்தை அறிந்த அம்முன்னோர்க்கு ஒரு வினா விடையின்றியே நின்றது: காற்று தவறாது வரும்போதும், சில ஆண்டுகளில் மழை பொய்ப்பது ஏன்?

அவ்வினாவைக் கூர்மையாக்கியது பஞ்சம். 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்து, சென்னை மாகாணம் 1876-78 பெரும்பஞ்சத்தில் வீழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயப் பனியின் அளவைக் கொண்டு மழையை முன்னறியும் முயற்சியை எண்பதுகளில் தொடங்கினார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித அறிஞர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு இராமானுஜனைப் பரிந்துரைத்தவரும் இவரே. உலகின் பல நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்ட அவர், பசிபிக் கடல்மேல் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல்மேல் தாழ்வதையும், பின்னர் அது மாறுவதையும் கண்டார். தராசுத் தட்டுகள் போன்ற இவ்வசைவிற்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். பசிபிக்கின் வெப்பமாகிய எல் நினோவும் இத்தென் அலைவும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்.

நம் தென்மேற்குப் பருவக்காற்றின் ஊற்றும் தென் அரைக்கோளத்திலேயே உள்ளது. மொரீசியஸ் அருகேயுள்ள மஸ்கரீன் உயரழுத்தப் பகுதியிலிருந்து புறப்படும் காற்று, நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியக் கரையருகே திரும்பி, நம்மை அடைகிறது. எல் நினோ ஆண்டுகளில் இப்பருவம் நலிவதும், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை மிகுவதும் பெரும்பான்மை வழக்கம். ஆனால் விதி எப்போதும் பொருந்துவதில்லை. 1997இல் வலிய எல் நினோ இருந்தும் நாட்டின் மழை குறையவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறிமாறி வெப்பமுறும் ‘இருமுனை’ நிகழ்வை 1999இல் சாஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியபோது, விடுபட்ட கண்ணி ஒன்று கிடைத்தது. உலகம் பெறும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்களே உட்கொள்கின்றன. கடலே மாறுமாயின் பழைய பதிவுகளைக் கொண்டு வகுத்த கணக்கு எத்துணைக் காலம் பொருந்தும்? இதனாலேயே, ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் இன்று கடல்களின் உள்வெப்பத்தை அளந்து வருகின்றன.

இத்தொலைக்கடல் வரலாறு நம் வாசலுக்கு வந்தது 2015இல். வலிமை மிக்க எல் நினோ நிலவிய அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் சேர்ந்தது. அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. மணிமங்கலம் அருகே மலைப்பட்டு ஏரியில் தோன்றும் அடையாறு கரைபுரண்டது. ஒரகடம் வட்டாரத்துக் கார் ஆலைகளிலும் உற்பத்தி நின்றது. மறு ஆண்டே தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.

மழை மிகுமா குறையுமா என்று தென்கடல் முன்கூட்டியே குறிப்புணர்த்தலாம்; மலைப்பட்டு ஏரியில் எந்த இரவு எத்தனை செ.மீ. பெய்யும் என்பதை மாதங்களுக்கு முன் அது சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்பவே நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாய்க் கோத்து, மதகும் கலங்கலும் வரத்துக்காலும் அமைத்தனர். மிகுந்த மழையைத் தாங்கவும், பொய்த்த ஆண்டுக்குச் சேமிக்கவும் பயன்பட்டது அந்த ஒரே ஏற்பாடு. ஆலைகளும் சாலைகளும் பெருகிய இந்நிலத்தில் வரத்துக்கால்கள் தூர்ந்துபோனால், எத்துணை நுட்பமான முன்னறிவிப்பும் எச்சரிக்கையோடு நின்றுவிடும். இப்னு மாஜித் நாளைக் குறித்துக் கொடுத்தார். ஆனால், கலத்தைச் செப்பனிட்டு வைத்திருந்தவனுக்கே அந்நாள் பயன்பட்டது.