விலையின்றி வந்த இரத்தம்



புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நம் காரைக்குடிப் பகுதியிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் சென்றுவருகிற குடும்பங்கள் பல. அவர்களோடு ஜெபிக்கையில் ஒன்றைக் கவனித்துவருகிறேன். அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சாதவர்களும், கீமோதெரபியின் வாந்தியையும் முடியுதிர்வையும் பொறுத்துக்கொண்டவர்களும்கூட, "நாளை இரத்தம் ஏற்ற வேண்டும்" என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில் கலங்கிப்போகிறார்கள். முடிவு நெருங்கிவிட்டதோ? யாருடைய இரத்தமோ? மற்றொருவரின் இரத்தத்தை உடலில் ஏற்பது வேதத்துக்கு ஒத்ததோ? இம்மூன்று கேள்விகளுக்கும் இந்த வாரம் சரித்திரத்தின் வழியே விடை தேடுவோம்.

முடிவின் அடையாளமா?

மனிதரிடமிருந்து மனிதருக்கு இரத்தம் ஏற்றியதாகப் பதிவான முதல் முயற்சியே ஒரு புற்றுநோயாளிக்காக நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1818 டிசம்பர் 22 அன்று லண்டனில் ஜேம்ஸ் பிளண்டல் என்னும் மருத்துவர், இரைப்பைப் புற்றுநோயால் மரணத்தறுவாயில் இருந்த ஒருவருக்கு, பலரிடமிருந்து எடுத்த இரத்தத்தைச் சிரிஞ்சு மூலம் சிறிது சிறிதாகச் செலுத்தினார். நோயாளி சற்றே தெளிவடைந்தார். எனினும் 56 மணி நேரத்துக்குப் பின் மரித்தார். பிளண்டல் கைவிடவில்லை. பிரசவத்தில் இரத்தப்போக்கால் மடிகிற தாய்மாரைக் காக்க வேண்டும் என்பதே அவர் பாரம். அடுத்த பத்தாண்டுகளில் அத்தகைய தாய்மார் சிலரை அவரால் பிழைக்கவைக்க முடிந்தது.

ஆயினும், ஒருவருக்கு உயிர் தந்த இரத்தம் மற்றொருவரைக் கொன்றது ஏன் என்பது அன்று எவருக்கும் விளங்கவில்லை. 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்ட பின்பே அந்தப் புதிர் அவிழ்ந்தது. அவருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14 இன்று உலக இரத்தக் கொடையாளர் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சையோடு இரத்தம் ஏற்றுதல் பிரிக்க முடியாதபடி இணைந்தது 1950-களில். இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்ட குழந்தைகள், நோயைக்காட்டிலும் நிற்காத இரத்தக்கசிவாலேயே இறந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணிபுரிந்த எமில் ஃப்ரைரைக், அக்குழந்தைகளின் இரத்தத்தோடு தம் சொந்த இரத்தத்தைக் கலந்து சோதித்து, குறைவுபட்டிருப்பது தட்டணுக்களே என்று உணர்த்தினார். தட்டணுக்களை ஏற்றியபோது கசிவு நின்றது. அதன் பின்னரே தீவிரமான கீமோதெரபியைத் துணிந்து கொடுக்க வழி பிறந்தது.

கீமோதெரபி புற்றணுக்களை அழிக்கும்போது, இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையையும் சில காலம் அடக்கிவைக்கிறது. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் ஆட்டு ஈரலும் நல்ல ஆகாரங்களே. ஆனால் உலை அணைந்திருக்கையில் அரிசி மாத்திரம் போதாது. மஜ்ஜை மீண்டும் எழும்வரை வெளியிலிருந்து வருகிற இரத்தம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆகவே சிகிச்சையின் நடுவே இரத்தம் ஏற்றுவது, பெரும்பாலும், அச்சிகிச்சையைத் தொடரவேண்டும் என்று மருத்துவர் நினைப்பதன் அடையாளம்.

"புற்றுநோய் என்றால் சாவு" என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. நம் அண்டை ஊராகிய புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பலிகொடுத்தார். தாம் ஒரு மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. அந்தத் துக்கத்தை அவர் வீணாக்கவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அங்கே இளம் மருத்துவராகச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அதையே தம் வீடாக்கிக்கொண்டார். விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலேறி அடையாறு செல்கிற நம்மவர், பக்கத்து ஊர்ப் பெண்ணொருத்தியின் கண்ணீரால் கட்டப்பட்ட இடத்துக்கே செல்கிறார்கள்.

யாருடைய இரத்தம்?

இக்கேள்வி நியாயமானது. நம் தேசத்தில் ஒரு காலத்தில் இரத்தம் விற்பனைப் பொருளாயிருந்தது. வறுமையில் உழன்றவர்கள் கூலிக்காகத் தங்கள் இரத்தத்தைத் திரும்பத் திரும்ப விற்றார்கள். பணம் தேவைப்பட்டவர் தம் நோயை மறைத்தார். தம் உடல் மெலிவதையும் பொருட்படுத்தவில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, இந்த வியாபாரத்தின் ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு இரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது.

இதற்கு வெகு முன்னரே, 1970-இல், ரிச்சர்ட் டிட்மஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இரு தேசங்களை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். பிரிட்டனில் இரத்தம் கொடையாகவே வந்தது. அமெரிக்காவில் பெரும்பகுதி விலைக்கு வாங்கப்பட்டது. விலைக்கு வாங்கிய இரத்தமே அதிகமாய் மஞ்சள் காமாலையைப் பரப்பியது என்று அவர் எடுத்துக்காட்டினார். பிரியமானவர்களே, இதை நிதானித்துப் பாருங்கள். விற்கப்பட்ட இரத்தத்தைவிட, கொடுக்கப்பட்ட இரத்தம் சுத்தமாயிருந்தது! கைம்மாறு எதிர்பாராதவனுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இன்று கொடையாக வரும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படுகிறது. பின்பு நோயாளியின் இரத்தத்தோடு பொருத்திப் பார்க்கப்படுகிறது. நாம் செலுத்தும் கட்டணம் இந்தப் பரிசோதனைக்கும் பாதுகாப்புக்குமானது, இரத்தத்தின் விலையன்று. ஆபத்து அறவே இல்லையென்று நான் சொல்லேன். 2018-இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிச் சகோதரிக்கு நேர்ந்த துயரம் நம் நினைவில் இருக்கிறது. ஆகையால் விழிப்பு வேண்டும். ஆனால் விழிப்பு வேறு, திகில் வேறு. பையிலுள்ள பெயரும் இரத்த வகையும் சரிபார்க்கப்படுகையில் நீங்களும் கவனியுங்கள். முதல் 15 நிமிடம் இரத்தம் மெதுவாகவே இறங்கும். குளிரோ காய்ச்சலோ அரிப்போ முதுகுவலியோ மூச்சுத்திணறலோ உண்டானால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூச்சப்படாதிருங்கள்.

வேதத்துக்கு ஒத்ததா?

மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்று லேவியராகமம் 17-ஆம் அதிகாரம் போதிக்கிறது. இரத்தத்தைப் புசிப்பதையும் விலக்குகிறது. இதன் அடிப்படையில் யெகோவாவின் சாட்சிகள் 1945 முதல் இரத்தம் ஏற்றுவதை மறுத்துவருகிறார்கள். ஆனால் அந்தக் கட்டளையின் நோக்கம் உயிருக்குரிய கனத்தைக் காப்பது. புசிக்கப்படும் இரத்தத்துக்காக ஓர் உயிர் சாகிறது. ஏற்றப்படும் இரத்தத்தாலோ கொடுத்தவரும் வாழ்கிறார், பெற்றவரும் வாழ்கிறார். உயிரைக் கனப்படுத்த இதைவிட மேலான வழி உண்டோ?

மறுபுறம் மிகையும் வேண்டாம். பிளண்டலுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 1667-இல், லண்டனில் ஆர்தர் கோகா என்பவர் 20 ஷில்லிங் பெற்றுக்கொண்டு ஆட்டு இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். அவர் இறையியல் பயின்றவர். ஆடு ஏன் என்று கேட்டதற்கு, கிறிஸ்து தேவ ஆட்டுக்குட்டி என்பதால் ஆட்டின் இரத்தத்துக்கு அவருடைய இரத்தத்தோடு அடையாளப் பொருத்தம் உண்டு என்று இலத்தீனில் பதில் சொன்னாராம். அவர் பிழைத்தது தேவ இரக்கம்! அடையாளத்தை மருந்தாக்கக் கூடாது. மருத்துவமனையில் ஏறுகிற இரத்தம் சரீரத்துக்கு; கல்வாரியில் சிந்தப்பட்ட இரத்தம் ஆத்துமாவுக்கு. ஆனாலும் இரண்டையும் நாம் பெற்றுக்கொள்ளும் விதம் ஒன்றே: வெறுங்கையோடு.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் 12 ஆண்டுகளாய் இரத்தப்போக்கினால் வாடிய ஸ்திரீயைக் காண்கிறோம். தனக்குண்டான எல்லாவற்றையும் வைத்தியருக்குச் செலவழித்தும் குணமாகாதவள், கடைசியில் ஒரு காசும் கொடுக்காமல் வஸ்திரத்தைத் தொட்டுச் சொஸ்தமடைகிறாள். ஆனால் தம்மிலிருந்து வல்லமை புறப்பட்டதை இயேசு உணர்ந்தார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். பெற்றவளுக்கு அது இலவசம். கொடுத்தவருக்கோ அது தம்மிலிருந்தே புறப்பட்டது. அவள் கூட்டத்தில் மறைந்துபோவதையும் அவர் விரும்பவில்லை. மகளே என்று அழைத்து அனுப்பினார்.

நம் சீமையில் மொய் எழுதும் வழக்கம் உண்டு. யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதிவைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். கடன்படாமல் வாழ்வதையே மானம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவேதான், முகமறியாத ஒருவரின் இரத்தம் துளித்துளியாய் நம்முள் இறங்கும்போது மனம் கூசுகிறது. இந்த மொய்யை எந்த நோட்டிலும் எழுத முடியாது. கொடுத்தவர் பெயரே நமக்குத் தெரியாது. அவர் எந்தச் சாதியோ, எந்த மதமோ! அழிவுள்ள வெள்ளியினாலும் பொன்னினாலும் நாம் மீட்கப்படவில்லை என்று பேதுரு எழுதியதை ஆண்டுக்கணக்காய்க் கேட்டிருக்கிறோம். அதை நரம்பில் உணரும் நாள் அந்த நாள்.

முதன்முறையாக இரத்தம் ஏற்கப்போகிற சகோதரனே, சகோதரியே, வெட்கப்படாமல் கையை நீட்டுங்கள். பெயரறியாத அந்தக் கொடையாளருக்காக அந்த நேரத்தில் ஜெபியுங்கள். உங்கள் வீட்டாருக்கும் சபையின் வாலிபருக்கும் ஒரு வார்த்தை: 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, ஆரோக்கியமுள்ளவர்கள் இரத்த வங்கிக்குச் செல்லலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். பெற்றவருக்கே திருப்பிச் செய்ய இயலாத கடனை, அறியாத மற்றொருவருக்குச் செய்வோம்.

ஜெபிப்போம்: ஜீவனின் அதிபதியே, நாளை இரத்தம் ஏற்கப்போகிற உம் பிள்ளைகளின் பயத்தை நீக்கும். கொடுத்தவரை ஆசீர்வதியும். மருத்துவர், செவிலியரின் கைகளை நடத்தும். விலையின்றிப் பெற்றதை விலையின்றிக் கொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.