தொழுநோயில் விரல்கள் ஏன் தேய்ந்தன?

நபிமொழிகளில் 'ஜுதாம்' எனக் குறிப்பிடப்படும் தொழுநோயை நம் முன்னோர் பெரிதும் அஞ்சினர். அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்நோயிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய துஆவை நம்மில் பலர் அறிவோம். உமையா கலீஃபா முதலாம் வலீத் (ஆட்சி 705–715) தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கி, எவரிடமும் கையேந்த வேண்டாம் எனப் பணித்ததாக வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்துள்ளார். இவ்வாறு ஆதரவு கிடைத்தபோதும், நோயாளியின் விரல்கள் ஏன் தேய்கின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கிருமியைக் கண்டறிந்த பின்னரும், அக்கிருமியே சதையை அரித்துத் தின்கிறது என்று பலரும் நம்பினர்.

அந்நம்பிக்கையை அசைத்த நிகழ்வு நம் செங்கல்பட்டில் நடந்தது. 1947இல் அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு, ராபர்ட் காக்ரேனின் அழைப்பின் பேரில் வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் சென்றார். (ஆங்கிலேயராயினும் பிறந்தது நம் கொல்லிமலையில்தான்.) விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தம் கையை இறுகப் பற்றுமாறு கேட்டார். பயனற்றதென எண்ணிய அந்தக் கை, அவருக்கு வலிக்குமளவு இறுக்கியது! முன்கைத் தசைகள் வலுவாகவே இருந்தன. குறிப்பிட்ட சில நரம்புகளே செயலிழந்திருந்தன. பின்னர் இறந்த நோயாளிகளின் உடல்களை ஆய்ந்தபோது, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் அருகே தோலை ஒட்டிச் செல்லும் இடங்களில் நரம்புகள் தடித்திருக்கக் கண்டனர்.

மற்றொரு நாள், பிராண்டால் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திறந்து கொடுத்தான். சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. அவனோ அதை உணரவில்லை. விரல்களை அழித்தவை வலி தெரியாமல் ஏற்பட்ட புண்களும் சூடுகளுமே. வலியும் இறைவனின் அருட்கொடை என்பதை இதைவிடத் தெளிவாக எதனால் விளக்க இயலும்?

எனவேதான் மருத்துவர் முழங்கையின் பின்புற நரம்பை விரலால் தடவித் தடிப்பைத் தேடுகிறார். நோயாளியின் கண்களை மூடச் செய்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்கிறார். குறிப்பிட்ட விசையில் வளையும் நைலான் இழைகளாலும் இச்சோதனை நடைபெறுகிறது. உணர்விழந்து ஆறு மாதங்களுக்குள் கண்டறிந்தால் ஸ்டீராய்டு மருந்தால் நரம்பை மீட்க வாய்ப்புண்டு. காலம் கடந்தால் கூட்டு மருந்து கிருமியைக் கொன்றாலும் இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை.

உணர்விழந்தோர் நாள்தோறும் கைகால்களைப் பார்த்து, அறியாமல் ஏற்பட்ட காயங்களைத் தேட வேண்டும் என்று பிராண்ட் கற்பித்தார். ஐவேளை உளூச் செய்யும் நமக்கு அதற்கெனத் தனி நேரம் தேவையில்லை. வெளிறிய, தொட்டால் உணர்வில்லாத படை எங்கேனும் தென்பட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மருந்து அங்கு இலவசம்.